கையெழுத்து மட்டும் போதும் ஸார்!

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் வந்திருந்தான். வயது 23. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. மாதக் கடைசியில்தான் மாமா ஞாபகம் வரும். அன்றைக்கு மாத ஆரம்பத்திலேயே வந்ததால் எனக்குக் கொஞ்சம் உதறல்.

சட்டைப் பையிலிருந்து ஒரு செக் புக்கை எடுத்து டீப்பாய் மேல் போட்டான்.

"மாமா, அக்கவுன்ட் ஆரம்பிச்சப்ப பாங்க்ல குடுத்தாங்க. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"பணம் குடுக்கலாம்."

"யாருக்கு?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். பதில் சட்டென்று வரவில்லை. நான் பி.காம். படித்தவன். 'பாங்கிங் சட்டமும் நடைமுறையும்' பேப்பரில் 61 மார்க் வாங்கியவன். செக்கின் வகைகள் யாவை என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கடைசியாக எப்போது செக் எழுதினேன் என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

"சரி, விடுங்க மாமா. ஆபீஸ்ல ஒரு ஃப்ரெண்ட் இதுல ஒரே ஒரு லீஃப் கேக்கறான். கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா போதுமாம். எப்படியும் இது சும்மாதானே கிடக்கு?"

என் கையிலிருந்த காபி டம்ளர் ஆடியது. கொஞ்சம் லுங்கியிலும் கொட்டியது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன் மாமா?"

ஏன் என்பதைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். பையன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காக எங்கள் வீட்டில் ஒரு ஜோடி வளையல் அடகுக் கடைக்குப் போய் வந்திருக்கிறது.

* * *

முதலில் சரியான பாதி.

செக்குக்கு இன்னும் மரியாதை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று அன்று மாலையே எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போனேன். பில் 648 ரூபாய். கம்பீரமாகச் செக் புக்கை எடுத்து, எழுதி, கிழித்து நீட்டினேன். பொட்டலம் கட்டுகிற பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இந்த கூப்பன் நம்ம கடையில எடுக்கறதில்ல ஸார்."

அண்ணாச்சி அவனிடமிருந்து வாங்கிப் பார்த்தார். அவர் விவரம் தெரிந்தவர். ஒன்றும் பேசாமல் கல்லாப் பெட்டியை இழுத்து, அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நாலு செக். நாலும் திரும்பி வந்தவை. ஒன்றில் 2009 என்று தேதி இருந்தது.

"இதுல இருக்கறவங்களும் உங்கள மாதிரி நல்ல மனுஷங்கதான் ஸார்" என்றார். பிறகு கல்லா மேல் உட்கார்ந்திருந்த குட்டி ஸ்பீக்கர் டப்பாவைக் காட்டினார். "பணம் வந்தா இது கத்தும். உங்க செக் கத்துமா?"

கத்தாது. செக்கின் பூர்வீக வியாதியே அதுதான். வாங்குகிறவருக்கு எதிராளியின் கணக்கில் பணம் இருக்கிறதா என்பது தெரியாது. நாளைக்கோ நாளன்றைக்கோ பாங்க் சொன்னால்தான் உண்டு. அதற்குள் துவரம் பருப்பு சாம்பாராகி, சாம்பாரும் தீர்ந்து போயிருக்கும்.

இந்த வியாதிக்கு இங்கிலாந்துக்காரர்கள் 1960-களில் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். 'செக் கேரண்டி கார்டு' என்று ஒரு அட்டை. கடைக்காரரிடம் செக்கோடு இந்த அட்டையையும் காட்ட வேண்டும். அவர் அட்டையின் நம்பரைச் செக்கின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான், கணக்கில் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாங்க் அந்தச் செக்கைத் திருப்ப முடியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பின்னாளில் அட்டையைப் பொறுத்து 50 பவுண்ட், 100 பவுண்ட் அல்லது 250 பவுண்ட். அதற்கு மேல் ஒரு பென்னிக்குக்கூட பாங்க் பொறுப்பில்லை.

அதாவது, 'இந்த ஆளை நம்பு' என்று பாங்க் சொல்லவில்லை. 'இந்த ஆளை 50 பவுண்ட் வரைக்கும் நம்பு' என்று சொன்னது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அப்புறம் டெபிட் கார்டு வந்தது. கடையிலேயே மிஷின் ஒரு நொடியில் பணம் இருக்கிறதா என்று சொல்லிவிடும்போது கேரண்டி எதற்கு? 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். அந்தச் சூட்டோடு செக்கையே 2018 அக்டோபருக்குள் ஒழித்துவிடுவது என்றும் 2009-ல் அங்கே இலக்கு வைத்திருந்தார்கள். வயதானவர்களும் தர்ம ஸ்தாபனங்களும் சின்ன வியாபாரிகளும் போட்ட சத்தத்தில் 2011 ஜூலையில் பின்வாங்கிவிட்டார்கள். அட்டை போய்விட்டது. செக் பிழைத்துக்கொண்டது.

நமக்கு அந்த அட்டை வந்து சேரவேயில்லை. நாம் நேரே செக்கிலிருந்து ஸ்பீக்கர் டப்பாவுக்குத் தாவிவிட்டோம். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. அதே வருடம் நவம்பர் 8-ஆம் தேதி இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஏ.டி.எம். வாசலில் கால் கடுக்க நின்ற ஜனங்கள் போனைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இளநீர்க்காரரிடம் சில்லறை கேட்டால் சிரிக்கிறார்.

* * *

"அப்ப செக் செத்துப் போச்சுன்னு சொல்லுங்க" என்றான் பையன்.

அங்கேதான் தப்பு. சாகவில்லை. சின்ன வேலைகளை விட்டுவிட்டுப் பெரிய வேலைகளுக்கு மட்டும் வருகிறது. கல்யாணத்துக்கு மட்டும் வருகிற பெரியப்பா மாதிரி.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறீர்கள். ஒன்றரை லட்சம். ஒரு தனி நபருக்கு யு.பி.ஐ.யில் பொதுவாக நாள் ஒன்றுக்கு 1 லட்சம்தான் அனுப்பலாம். ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ஒருவரிடமிருந்து ஒரே நாளில் வாங்குவதற்கு வருமான வரிச் சட்டம் 2017-லிருந்து தடை போட்டிருக்கிறது. நெட் பாங்கிங் என்றால் ஓனர் தாத்தா, "அதெல்லாம் எனக்கு வேணாம்ப்பா, என் பையன்கிட்ட கேளு" என்பார். பையன் டொராண்டோவில் தூங்கிக்கொண்டிருப்பான். அப்போது செக்தான். அதில் தாத்தாவின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, உங்கள் கணக்கில் பற்றும் விழுகிறது. நாளைக்குத் தாத்தா, "அட்வான்ஸா? எப்போ குடுத்தே?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது.

தவிர, போனில் கை தவறி ஒரு எண்ணை மாற்றி அழுத்தினால் பணம் முன்பின் தெரியாத ஆள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் அவரை "அண்ணே, அண்ணே" என்று கெஞ்ச வேண்டும். 'அக்கவுன்ட் பேயீ' என்று கோடு போட்ட செக்கை வேறு யார் எடுத்தாலும் அவர் கணக்கில் போட முடியாது.

செக் ஆமை வேகம் என்ற பழைய புகாரும் இப்போது அவ்வளவாக எடுபடாது. வெளியூர் செக் தபாலில் ஊர் சுற்றிய காலம் போய், இப்போது செக்கின் படம்தான் பாங்குக்கு பாங்க் போகிறது. 2025 அக்டோபர் 4-லிருந்து, பகலில் குறிப்பிட்ட நேரத்துக்குள் வருகிற செக்குகளை பாங்குகள் உடனுக்குடன் அனுப்புகின்றன. பணம் கொடுக்க வேண்டிய பாங்க் அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் சரி என்றே அர்த்தம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட செக் என்றால் யாருக்கு, எவ்வளவு, என்ன தேதி என்று நீங்களே முன்கூட்டி பாங்குக்குத் தெரிவித்து வைக்கிற 'பாஸிட்டிவ் பே' ஏற்பாடும் 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நடுவில் யாராவது பூஜ்யம் சேர்த்தால் மாட்டிக்கொள்வார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன் முகம் மலர்ந்தான்.

"சூப்பர் மாமா! அப்ப ஃப்ரெண்டுக்குத் தைரியமா குடுக்கலாம்னு சொல்றீங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். கதையை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிட வேண்டியதுதான்.

* * *

2016. அப்போது நான் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் அஸிஸ்டென்ட். பக்கத்து மேஜையில் ஒரு நண்பன். ஒரே டிபன் பாக்ஸ், ஒரே பைக். மாதக் கடைசியில் ஒரே ஐம்பது ரூபாய் நோட்டு, இரண்டு பேரிடமும் மாறி மாறி இருக்கும்.

அவன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒன்றரை லட்சம் குறைந்தது. ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் ஏற்பாடு செய்திருந்தான். "ஷூரிட்டிக்கு ஒரு ஆள் வேணும்டா. நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

போனேன். மாடிப்படி ஏறி ஒரு சின்ன ரூம். சாமி படம், ஊதுவத்தி, கால்குலேட்டர். பெரியவர் மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீதான் என் வாழ்க்கையிலேயே காஸ்ட்லியான டீ.

"செக் லீஃப் ஒண்ணு குடுங்க தம்பி. கையெழுத்து மட்டும் போதும். மத்ததெல்லாம் காலியாவே இருக்கட்டும். சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு."

பெயர் எழுதவில்லை. தொகை எழுதவில்லை. தேதி போடவில்லை. 61 மார்க் வாங்கிய கை, கையெழுத்தை மட்டும் போட்டது. கீழே ஒரு கோடு வேறு அழகாக இழுத்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

நண்பன் ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு வேலை போயிற்று. அப்பாவுக்கு ஆபரேஷன். போன் எடுப்பது குறைந்தது. ஒரு நாள் ரூமைக் காலி செய்துகொண்டு திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

2018-ல் ஒரு திங்கட்கிழமை காலை என் போனுக்கு பாங்கிலிருந்து மெஸேஜ். 2,10,000 ரூபாய்ச் செக், போதிய பணம் இல்லாததால் திரும்பியது. அதற்குத் தண்டத் தொகை பிடித்தம். அன்றைக்கு என் கணக்கில் இருந்தது 11,340 ரூபாய். பிடித்தம் போக இன்னும் குறைவு.

நான் ரெண்டு லட்சத்துக்குச் செக்கே எழுதவில்லையே என்று பாங்குக்கு ஓடினேன். படத்தைக் காட்டினார்கள். பச்சை இங்க்கில் யாரோ குண்டு குண்டாகத் தொகையை எழுதியிருந்தார்கள். கீழே என் கையெழுத்து. கோடு சகிதம்.

பத்தாவது நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது அம்மா. "ஏதோ புஸ்தகம் வந்திருக்குடா" என்று கொண்டுவந்து கொடுத்தாள்.

* * *

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"கையெழுத்து உங்களுதா?"

"ஆமா ஸார். ஆனா மத்த எழுத்தெல்லாம் என்னுது இல்ல."

"மத்த எழுத்து யாருதா இருந்தா என்ன? நிரப்பாத செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, 'நீயே நிரப்பிக்கோ'ன்னு அதிகாரம் குடுத்ததா அர்த்தம். 1881-ல போட்ட சட்டம். வெள்ளைக்காரன் போனாலும் அது போகல."

"கடன் வாங்கினது நான் இல்லையே ஸார்? நான் வெறும் ஷூரிட்டிதானே?"

"ஷூரிட்டி குடுத்த செக்குக்கும் இதே சட்டம்தான். 2002-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு."

"முன்னாடியே பாங்க்ல சொல்லி ஸ்டாப் பேமென்ட் குடுத்திருந்தா?"

"அதுக்கு 1998-ல தீர்ப்பு இருக்கு. தப்ப முடியாது."

"அக்கவுன்ட்டையே மூடியிருந்தா?"

"1999."

"நான் ஊரை விட்டே ஓடிட்டா?"

"அதுக்குத் தீர்ப்பு எதுக்கு? வாரண்ட்டே போதும்."

பிறகு 138-ஆம் பிரிவை எனக்கு விளக்கினார். 1989 ஏப்ரலிலிருந்து இருப்பது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நாம் பணத்தைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் கேஸ் போடலாம். நிரூபணமானால் இரண்டு வருடம் வரை ஜெயில், அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. கடன் இல்லை என்று வாதாடலாம். ஆனால் கடன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கோர்ட் ஆரம்பிக்கும். இல்லை என்று காட்டுவது நம் தலைவலி.

"கேஸ் சீக்கிரம் முடியுமா ஸார்?"

அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று பின்னால் தெரிந்தது. 2019 கடைசியில் நாடு முழுக்க நிலுவையில் இருந்த கிரிமினல் வழக்குகள் 2 கோடியே 31 லட்சம்; அதில் 35 லட்சத்துக்கு மேல் இந்தச் செக் கேஸ்கள்தான். இது சுப்ரீம் கோர்ட்டே 2021-ல் ஒரு தீர்ப்பில் குறிப்பிட்ட கணக்கு. என் கேஸும் சேர்ந்திருந்தால் 35 லட்சத்து ஒன்று.

எனக்கு இருந்த ஒரே சந்தேகத்தையும் 2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்த்துவைத்தது. மனமறிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கும் செக்தான். வேறு ஆள் நிரப்பியதாலேயே அது செல்லாமல் போய்விடாது. தீர்ப்பைப் பேப்பரில் படித்தபோது, எனக்கென்றே எழுதிய மாதிரி இருந்தது.

வக்கீல் ஒன்று சொன்னார்: "இது சமரசம் பண்ணிக்கக் கூடிய கேஸ். போய்ப் பேசுங்க."

மறுபடி அதே மாடிப்படி. அதே ஊதுவத்தி. பெரியவர் இந்தத் தடவை டீ வாங்கித் தரவில்லை. நண்பன் கட்டியதையெல்லாம் கணக்குப் பார்த்து, வாதாடி, கெஞ்சி, கடைசியில் 1,30,000-க்கு முடிந்தது. என்னிடம் இருந்தது 40,000. மீதிக்கு அம்மா கையிலிருந்த இரண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போயின. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நாள் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, "இதுதாண்டா கைக்கு லேசா இருக்கு" என்றாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

* * *

இப்போது அந்த இங்கிலாந்து அட்டையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

அத்தனை பெரிய பாங்க், கட்டடம், பெட்டகம், காவல்காரர் எல்லாம் வைத்திருக்கிற பாங்க், தன் சொந்த வாடிக்கையாளருக்கே 50 பவுண்ட், 100 பவுண்ட் என்று அளந்துதான் உத்தரவாதம் கொடுத்தது. 11,340 ரூபாய் வைத்திருந்த நான் அளவே இல்லாமல் கொடுத்தேன். தேதியும் போடாததால் என் உத்தரவாதத்துக்குக் காலாவதியும் கிடையாது. 2012 ஏப்ரலிலிருந்து செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான். ஆனால் தேதியே இல்லாத செக்குக்கு அந்த மூன்று மாதம் எப்போது ஆரம்பிக்கும்? பெரியவர் பேனாவைத் திறக்கிற அன்றைக்கு!

ஆக, செக்கைக் கொண்டு பணம் கொடுப்பது குறைந்துவிட்டது. வாக்குக் கொடுப்பது குறையவேயில்லை. கடன் கொடுக்கிற இடங்களில் இன்றும் முதலில் கேட்பது ஆதார், அடுத்து செக் லீஃப். செக் எழுதிப் பழகிய அப்பாக்களுக்கு அதன் பயம் தெரியும். செக்கே எழுதாத பையன்களுக்கு அது வெறும் பேப்பர். பேப்பர்தானே என்று கொடுத்துவிடுகிறார்கள்.

"நான் செக்கே தர மாட்டேன், எல்லாம் ஆட்டோ டெபிட்தான்" என்று யாராவது காலரைத் தூக்கினால் அவருக்கும் ஒரு செய்தி. இ.எம்.ஐ.க்காக நீங்கள் கொடுத்த மின்னணு உத்தரவு, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினாலும் 2007-ஆம் வருடச் சட்டம் ஒன்றில் இதே தண்டனை இருக்கிறது. இரண்டு வருடம், இரண்டு மடங்கு. செக் இல்லாமலேயே செக் பவுன்ஸ்!

பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்:

செக் புக்கைத் தூக்கிப் போடாதே, பூட்டி வை. எழுதினால் பெயர், தொகை, தேதி மூன்றையும் உன் கையால் எழுது. எண்ணில் ஒன்றும் எழுத்தில் ஒன்றும் எழுதிவிடாதே. சட்டப்படி எழுத்தில் இருப்பதுதான் செல்லும். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற வேலையும் இப்போது நடக்காது. தப்பானால் கிழித்துவிட்டு அடுத்ததை எழுது. எதற்காவது ஈடாகச் செக் கேட்டால், எந்த நம்பர் செக், எதற்காக, எவ்வளவுக்கு என்று ஒரு கடிதம் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள். கடன் தீர்ந்த அன்றைக்கே செக்கைத் திருப்பி வாங்கு. வெற்றுச் செக்கில் மட்டும், கேட்பது நானே ஆனாலும், கையெழுத்துப் போடாதே.

"ஃப்ரெண்டுகிட்ட எப்படி மாமா இல்லன்னு சொல்றது? பாவம், அவனுக்கு நிஜமாவே கஷ்டம்."

இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "திரும்பி வரலேன்னாலும் உன்னால எவ்வளவு தாங்க முடியும்?"

யோசித்தான். "ஐயாயிரம்."

"அதை அனுப்பிடு. அதான் உன் கேரண்டி கார்டோட லிமிட்."

புதன்கிழமை போன் பண்ணினான். ஃப்ரெண்ட் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மறுநாள் அவனே வந்து, "டீ சாப்பிடப் போலாமா?" என்றானாம்.

* * *

என் நண்பன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள்.

2022-ல் ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து போன். "நான்தாண்டா" என்றான். பிறகு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலையாம். விஷயம் யார் மூலமோ தெரிந்து, மூன்று வருடமாக நம்பரை வைத்துக்கொண்டு அழுத்தத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி என் போனில் 'டிங்' என்று 2,000 ரூபாய் வந்து விழுகிறது. 65 மாதக் கணக்கு. பாதி தாண்டிவிட்டது. இதற்குக் கையெழுத்தும் கிடையாது, ஷூரிட்டியும் கிடையாது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. 5-ஆம் தேதி மத்தியானம் அம்மா கேட்பாள், "அந்தப் பையன் நல்லாயிருக்கானா?" பணம் வந்ததா என்று கேட்கமாட்டாள்.

போன வருடம் அவனுக்குக் கல்யாணம். மொய்யை ஜிபேயில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவன் அனுப்பின இரண்டாயிரத்தையே திருப்பி அனுப்புகிற மாதிரி இருக்கும். செக் புக்கைத் தேடி எடுத்தேன். அவன் பெயர், தேதி, ஐயாயிரத்து ஒரு ரூபாய் மட்டும் என்று முழுசாக எழுதி, கோடு போட்டு, கையெழுத்திட்டு, உறையில் வைத்துக் கொடுத்தேன்.

மூன்று மாதம் ஆகியும் என் கணக்கில் பணம் அப்படியே இருந்தது. போன் பண்ணினேன்.

"ஏண்டா, செக்கைப் போடலியா? காலாவதியே ஆயிடுச்சேடா!"

"எப்படிடா போடறது?" என்றான். "நீ எல்லாத்தையும் நிரப்பிக் குடுத்த முதல் செக்குடா அது. பீரோவுல வெச்சிருக்கேன்."

அதற்கு மேல் என்னத்தைச் சொல்ல? போனை வைத்துவிட்டு, ஐயாயிரத்து ஒன்றை ஜிபேயில் அனுப்பினேன்.